வாடை போகாத பெட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதைகள் எல்லாமே அப்படித்தானே என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்வது கற்பனையை அல்ல. உண்மையிலேயே ஒருவர் வாய்திறந்து சொன்ன இரண்டு சொற்களை. அவற்றைச் சொன்னது யார் என்பதை மூன்றாம் பகுதியில் எழுதலாம் என்று நினைக்கிறேன். தைரியம் இருந்தால்.

முதல் வரியை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

புளூம்ஃபொன்டெய்ன் நகரத்தில் சிலந்திகளுக்கு வீடு கட்டும் ஒரு பெண் —

(விளம்பரம் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

புலெங்கின் விரல்கள் எப்போதும் —

(விரல்களில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். புலெங்கும் நானும் ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறோம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறை. அவள் அக்ரிலிக் தகட்டில் எழுத்து வெட்டுவாள். நான் பலகைக்கு வண்ணம் பூசுவேன். தென்னாப்பிரிக்காவின் இந்த ஊருக்கு வந்து எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவள் என்னை ‘அபுதி’ என்பாள், அண்ணன் முறை. நான் ‘அவுசி’ என்பேன், தங்கைக்கும் அக்காவுக்கும் பொதுவான சொல். வெட்டி மிஞ்சும் தகட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள்ள முதலாளி அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார். அந்தத் துண்டுகளில்தான் அவள் டரான்டுலா என்ற பெரிய சிலந்தியை வளர்ப்பவர்களுக்குப் பெட்டி செய்துகொடுத்தாள்.

2

இந்தக் கதையின் சிலந்தியை நான் முதலில் பார்த்தபோது, உள்ளங்கையளவு மயிருள்ள ஏதோ ஒன்று மண்ணின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. “பொம்மையா?” என்றேன்.

“கேட்டுடப் போறா, அபுதி. மெதுவா பேசுங்க,” என்றாள் புலெங்.

சிலந்தியின் பெயர் மெஃப்ரோ. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘திருமதி’ என்று பொருள். அதை வளர்த்தவர் டலீனா என்ற எழுபது வயதுப் பெண்மணி. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். மெஃப்ரோ நகக்கண் அளவு இருந்தபோது வாங்கியிருக்கிறார். இப்போது அதற்கு வயது பத்தொன்பது.

இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை அவர் மெஃப்ரோவையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முதியோர் குடியிருப்பில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை குடிபோக வேண்டும். பிராணி எதுவும் கூடாது என்பது அங்கே விதி. எத்தனையோ கெஞ்சிய பிறகு மேற்பார்வையாளர் இறங்கி வந்திருந்தார்: பூட்டுள்ள கெட்டியான பெட்டியில் இருந்தால் சரி, நானே வந்து பார்ப்பேன். மெஃப்ரோ அதுவரை இருந்ததோ மூடியை அழுத்தி மூடும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி.

“தான்னி, மூணு வாரம் வேணும்,” என்றாள் புலெங். வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். “வெட்ட ஒரு நாள், ஒட்ட ஒரு நாள். மிச்சம் எல்லாம் பசை வாடை போறதுக்கு. இந்தக் குளிர்ல இன்னும் இழுக்கும்.”

“வெள்ளிக்கிழமை அந்த ஆளு வந்து நிப்பான், பொண்ணே.”

“பெட்டிய மட்டும் காட்டுங்க. பதினஞ்சு நாள் கழிச்சு மெஃப்ரோவ உள்ள விடுங்க.”

“பூச்சிய உள்ள வச்சுப் பூட்டித்தான் காட்டணுமாம். இல்லன்னா யார்கிட்டயாவது குடுத்துடணுமாம். யாருகிட்ட குடுப்பேன்? கல்யாணம் பண்ணி ஆறு வருஷத்துல ரெண்டு காலு உள்ளவன் ஓடிட்டான். எட்டுக் காலு உள்ளது பத்தொன்பது வருஷமா எங்கூட இருக்கு.”

புலெங் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

(இதை எழுதும்போது ஒரு சந்தேகம். புலெங் இவ்வளவு இளகியவள்தானா? ஒருமுறை பெரிய கடைக்காரர் ஒருவர் அவசரம் என்று கத்தியபோது, “உங்க அவசரத்துக்குப் பசை காயாது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவள் அவள். ஆனால் அன்று இளகினாள். பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்பதற்காக நடந்ததை மாற்ற முடியாது.)

3

திங்கட்கிழமை தகடுகளைக் கீறி ஒடித்தாள். மெஃப்ரோ தரையில் வாழும் இனம், மரமேறி அல்ல. உயரமான பெட்டி என்றால் சுவரில் ஏறி விழுந்து வயிறு கிழிந்துபோகும். அதனால் அகலம் அதிகம், உயரம் குறைவு. காற்றுக்கு இரு பக்கமும் சிறு துளைகள். கம்பிவலை வைக்க மாட்டாள், கால்நகம் சிக்கிக்கொள்ளும். மேல்மூடி ஈரத்தில் வளைந்துவிடும் என்று கதவை முன்பக்கம் வைத்தாள். தாழ்ப்பாளும் சின்னப் பூட்டும்.

ஒட்டுவதுதான் பார்க்க வேண்டிய வேலை. இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, ஊசிக்குழலால் மூட்டில் ஒரு சொட்டு விடுவாள். திரவம் தானே ஓடி இடுக்கு முழுக்க நிரம்பும். தகடு உருகித் தகட்டோடு சேரும். அந்தத் திரவத்தின் ஆவிதான் எமன். மனிதனுக்குத் தலைவலி, சிலந்திக்கு அதுவே போதும்.

வாடை இன்னும் தேங்குகிறதா என்று பார்க்கப் புதன்கிழமை பெட்டியை மூடிவைத்து, வியாழன் நண்பகல் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள்.

அவள் முகர்ந்தாள். வாடை இல்லை. பெட்டியை டலீனாவிடம் —

(இல்லை. இப்படித்தான் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். இரண்டாவது பிரதியில் ‘ஒரு சக ஊழியர்’ என்று ஒருவரைக் கொண்டுவந்தேன். அந்தச் சக ஊழியர் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.)

அவள் முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“அபுதி, மோந்து பாருங்க. வாடை இருக்கா?”

முகர்ந்தேன். “வாடை இல்ல,” என்றேன்.

அன்று மாலையே பெட்டி டலீனாவிடம் போயிற்று. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்து, பூட்டை இரண்டுமுறை இழுத்துப் பார்த்து, “வீடு நல்லாத்தான் இருக்கு. இது என் கார்மேல ஏறாம இருந்தா சரி,” என்று கையெழுத்துப் போட்டாராம்.

4

ஞாயிறு காலை டலீனா தொலைபேசியில் அழைத்தார். நடந்ததைப் புலெங் பின்னால் என்னிடம் சொன்னபடியே தருகிறேன்.

“மெஃப்ரோ அசையல, பொண்ணே.”

“மல்லாந்து கிடக்குறாளா, தான்னி? அப்படின்னா தோலு உரிக்கிறா. தொடவே தொடாதீங்க.”

“நேராத்தான் உக்காந்திருக்கா. காலு எல்லாம் உள்ள மடங்கி இருக்கு. கைய மூடி வச்ச மாதிரி.”

புலெங்குக்குப் புரிந்துவிட்டது. மல்லாந்த டரான்டுலா உயிரோடு இருக்கிறது. கால் மடங்கியது போய்க்கொண்டிருக்கிறது. கிடைத்த வாடகை வேனில் ஏறிப் போனாள். மெஃப்ரோவை வெளியே எடுத்து, ஈரத்தாள் விரித்த கிண்ணத்தில் வைத்து, வாயருகே தண்ணீர் விட்டாள். இருவரும் கிண்ணத்துக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கால் மட்டும் ஒருமுறை நீண்டது. பிறகு அதுவும் மடங்கியது.

மூன்று மணிவாக்கில் டலீனா சொன்னார்: “வயசாயிடுச்சு, இல்ல?”

“ஆமா, தான்னி. வயசுதான்,” என்றாள் புலெங்.

டலீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “கடைசி மூணு நாளாவது ராணி மாதிரி இருந்தா. உனக்குப் புண்ணியம்,” என்று ஒரு புட்டி அத்திப்பழ ஜாம் கொடுத்து அனுப்பினார். அந்தப் புட்டி திறக்கப்படாமல் பட்டறை அலமாரியில் இருந்தது. புலெங் கையிலிருந்த மூன்று பெட்டி வேலைகளைத் திருப்பி அனுப்பினாள். மிஞ்சிய துண்டுகள் மறுபடி குப்பைக்குப் போயின.

5

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை எனக்குக் கடும் ஜலதோஷம். மூக்கின் இரு துளைகளும் அடைத்திருந்தன. பெட்டிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. “மூக்கு அடைச்சிருக்கு” என்று சொல்ல ஒரு நொடி போதும். என்னை நம்பிக் கேட்கிறாளே என்ற பெருமையில் அந்த நொடியை விட்டுவிட்டேன்.

(மெஃப்ரோ வயதால் செத்திருக்கலாம். ஆவியால் செத்திருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதே என்னைப் போன்றவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம்.)

இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. புலெங்குக்குத் தமிழ் தெரியாது. உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டால் பாரம் குறையும், அவளுக்கும் தெரியவராது என்று கணக்குப் போட்டேன். கதையை இந்த இடத்தில் முடித்தும் விட்டேன்.

6

முடித்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில், அவள் என் தாள்களைப் பார்த்தாள்.

“என்ன இது? மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கு. படிங்க.”

அவள் மொழியான செசோத்தோவில் தட்டுத்தடுமாறிப் படித்துக் காட்டினேன். எட்டுக் கால் இடத்தில் சிரித்தாள். கிண்ணத்தின் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்தாம் பகுதி வந்தது. தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். தாண்டவில்லை.

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்கு ஜலதோஷம்னு. காலையிலேர்ந்து மூக்கு சிந்திக்கிட்டே இருந்தீங்க. பட்டறையில பத்துப் பேரு இருந்தாங்க, அபுதி. பக்கத்து மேசையில மோசிலி இருந்தா. அவ மூக்கு நாய் மூக்கு. அவளத் தாண்டி உங்ககிட்ட ஏன் வந்தேன்?”

தாள்களைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“எனக்கு வாடை அடிச்சுச்சு. நல்லாவே அடிச்சுச்சு. தான்னிகிட்ட பெட்டி இப்போ தர முடியாதுன்னு சொல்ல மனசு வரல. வாடை இல்லன்னு சொல்ற ஒரு மூக்கு வேணும்னு தேடினேன்.”

“நான் பொய் சொன்னேனே, அவுசி...”

“அது என் தப்பு. நீங்க எடுத்து உங்க பேருல எழுதி வச்சிருக்கீங்க. குடுங்க திருப்பி.”

நான் தலை குனிந்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குற்றத்தை ஏற்பதிலும் ஒரு பேராசை உண்டு. கதையின் நடுவில் நின்றுகொள்ள எனக்கு அது வசதியாக இருந்தது.

7

அவள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, டலீனாவின் குடியிருப்புக்குப் போகும் பேருந்தில் ஏறினாள்.

அவள் போயிருந்த நேரத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் டலீனா கதவைச் சாத்துகிறார். இன்னொன்றில், மெஃப்ரோ மே மாதத்திலிருந்தே இரை தொடவில்லை, எனக்குத் தெரியும் என்கிறார். அது உண்மையா, இரக்கமா என்று புலெங்குக்குப் புரியவில்லை. மூன்றாவதில் இருவரும் —

மறுநாள் காலை அவள் வந்ததும் கேட்டேன்: “என்ன சொன்னாங்க?”

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள. உங்க கதை எங்கூட பஸ்ல ஏறலையே.”

மூன்றையும் கிழித்துவிட்டேன்.

அன்று மதியம் அவள் குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்துத் துடைத்து, அளந்து, கீறினாள். மிகச் சிறிய பெட்டி, தீப்பெட்டி நாலைந்து சேர்த்த அளவுதான். ஒருகாலத்து மெஃப்ரோவைப் போல நகக்கண் அளவுள்ள ஏதோ ஒன்றுக்குப் போதும். ஒட்டி முடித்து ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டினாள்: ஆகஸ்ட் கடைசிவரை யாரும் தொடக்கூடாது.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.