ஒருவர் வசிக்கும் வீட்டுக்கு ஒரு பெரிய நாய்

1

இந்தக் கதை எங்கள் மலையூர் ஏரிக்கரையில் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி துரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். துரை என் நாய். ராஜபாளையம். நல்ல வெள்ளை. நின்றால் முதுகு என் இடுப்புக்குக் கொஞ்சம்தான் கீழே இருக்கும். குளிர் தாங்காது என்பதால் ஸ்வெட்டர் போட்டிருப்பான். படம் எடுத்து முடித்ததும் அந்தப் பையன் கேட்டான்: “அங்கிள், நாங்களும் பெரிய நாயா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எங்க லைஃப்ஸ்டைலுக்கு எந்த பிரீட் செட் ஆகும்?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து வேறு வேலை பார்த்திருப்பார்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கட்டுரையாக எழுதிப் பார்த்தேன்:

“பெரிய நாய் வாங்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது இடவசதி. அடுத்து, தினமும் நடக்க நேரம் இருக்கிறதா என்பது. மூன்றாவதாக,”

(மூன்றாவது எனக்குத் தெரியும். கட்டுரைக்குள் அது அடங்கவில்லை.)

பிறகு கதையாக:

“மலையை மூடியிருந்த பனி மெல்ல விலக”

(வேண்டாம். பள்ளி நூலக உதவியாளனாக இருந்த காலம் முழுக்க, பனி விலகித் தொடங்கும் புத்தகங்களைத்தான் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.)

கடைசியாக: “மேரி ஒரு நாயைத் தேர்ந்தெடுத்தாள்.” இந்த வாக்கியம் அடித்தலுக்குத் தப்பி நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

2

‘நான்’ என்று எழுதினால் பேனா அழுகைப் பக்கமே இழுக்கிறது. மேரியின் கதைக்கு அது மரியாதை அல்ல. எனவே இனி பவுல்ராஜ் என்று ஒருவர் இருக்கிறார். அவர் நான்தான். மேரி என்னைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது ‘அவரு’ என்பாள். அதனால் கதையிலும் அவர்.

பவுல்ராஜின் மனைவி புஷ்பமேரி அதே பள்ளியில் விடுதி மேட்ரன். எந்தப் பிள்ளையை எந்தப் பிள்ளையோடு ஓர் அறையில் போடலாம் என்பதை வந்து இறங்கும்போதே, பெட்டியைத் தூக்கும் விதத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவாள். “இது நைட்டு அழுவும். அழுதா திட்டாத புள்ள பக்கத்துல போடணும்.” அவள் போட்டபடி போட்டால் அந்த வருடம் விடுதியில் சண்டை இராது. அவள் விடுப்பில் போனால் இருக்கும்.

மதுரை ஆஸ்பத்திரியில், மேரிக்கு இனி வைத்தியம் வேண்டாம், வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய கையோடு மேரி சொன்னாள்: “நாய் ஒண்ணு வாங்கணுங்க. பெரிய நாயா.”

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் அழ வைத்துப் பார்த்தேன். வாசகருக்கு நம்பிக்கை வரும் என்று. மூன்று வரி அழுதாள். நான்காவது வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு “போதும், சோலியப் பாருங்க” என்றாள். மூன்று வரியையும் அடித்துவிட்டேன்.)

3

மலைக்குக் கீழே ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு நடுவே ஜெயமுருகன் நாய்ப் பண்ணை வைத்திருந்தார். யாருக்கும் எடுத்த உடனே குட்டி கொடுத்துவிட மாட்டார். கேள்வி கேட்பார்.

“வீட்ல எத்தன பேருங்க?”

“ரெண்டு பேரு” என்றார் பவுல்ராஜ்.

“ஒருத்தரு” என்றாள் மேரி.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. ஜெயமுருகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒருத்தருன்னே வச்சுக்கங்க தம்பி” என்றாள் மேரி. “வெள்ளனே எந்திரிக்க மாட்டாரு. எழுப்பி விடணும். யாரும் கூப்பிடலைன்னா வெளிய போக மாட்டாரு. புஸ்தகத்தத் தூக்கி வச்சார்னா சாப்பாடு காஞ்சு கெடக்கும். இப்ப சொல்லுங்க, இந்த ஆளுக்கு எது சரியா வரும்?”

பவுல்ராஜ் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் முன்னாலேயே தன் தனிமையை ஒருத்தி அளவெடுத்துக்கொண்டிருந்தாள், தையல்காரர் மாதிரி, கூச்சமே இல்லாமல்.*

(*அப்போது அவருக்கு என்ன தோன்றியது என்று எழுதச் சிலர் சொல்லக்கூடும். தோன்றியது பெருமை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் மரத்தைப் பார்த்தார்.)

ஜெயமுருகன் கிரேட் டேன் குட்டியைக் காட்டினார்.

“இது எத்தன வருஷம் இருக்கும்?”

“ஏழு, எட்டு வருஷம் இருக்குங்க.”

“சீக்கிரம் போயிரும். இவரால திரும்பவும் தாங்க முடியாது. அடுத்தது காட்டுங்க.”

ஜெர்மன் ஷெப்பர்ட் பவுல்ராஜின் ஆசை. புத்தகத்தில் படித்திருந்தார். வாயைத் திறந்து கேட்கவும் செய்தார்.

“சார் சொல்றது நல்ல நாய்தாம்மா” என்றார் ஜெயமுருகன். “ஆனா கண்டிச்சு வளக்கணும். அதட்டல் போடத் தெரியணும்.”

“இவரா? ஹோட்டல்ல காபி ஆறிப்போய் வந்தா, ‘இன்னைக்கி மேகமூட்டம்’னு சொல்லிக் குடிச்சிருவாரு.”

ஜெயமுருகன் சிரித்துவிட்டார். பவுல்ராஜும்தான்.

ராஜபாளையம் குட்டிகள் கம்பி வேலிக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. சோற்றுத் தட்டின் சத்தம் கேட்டதும் எல்லாம் ஓடின. ஒன்று மட்டும் திரும்பாமல் மேரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

“அதப் பாக்காதீங்கம்மா. அதுக்குக் காது கேக்காது. முழு வெள்ளையில அப்பிடி ஒண்ணு ரெண்டு விழும். அத நான் விக்கிறதில்ல.”

“பேசினா கேக்காதா?”

“இடி விழுந்தாலும் கேக்காதுங்க.”

“நல்லதாப் போச்சு. இவரும் பேச மாட்டாரு.”

“அம்மா, வெளையாடாதீங்க. மேல குளிரு. இது வெயில்ல வளர்ற சாதி. காது கேக்காத நாய அவுத்து விட முடியாது. வண்டி வர்றது தெரியாது, காட்டுமாடு வர்றது தெரியாது. கூடவே ஒரு ஆளு இருக்கணும்.”

“குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு விடுவாரு. காலைல போடணும், சாயங்காலம் தொவைக்கணும். கூடவே இருப்பாரு. அவருக்கு அந்த வேல இருக்கட்டும் தம்பி. மத்த நாயெல்லாம் இவரப் பாத்துக்கும். இத இவரு பாத்துக்கணும்.”

(செவிடான நாய் என்றதும் குறியீடு என்று அடிக்கோடு போடுகிறவர்கள் உண்டு. துரை குறியீடு அல்ல. என் சாப்பாட்டைவிடத் துரையின் சாப்பாடு அதிகம்.)

4

திரும்பும் பேருந்தில் குட்டி கொய்யாப்பழப் பெட்டிக்குள் தூங்கியது. வடகவுஞ்சி மலைப்பாதை வளைவுகளில் மேரிக்கு வலி வந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வலி விட்டதும் பவுல்ராஜ் கேட்டார்: “பேரு வச்சா அதுக்குக் கேக்கவா போகுது?”

“பேரு அதுக்கில்லங்க, உங்களுக்கு. வெள்ளையா இருக்கு, பெருசா வளரும், நாம சொல்றது காதுல ஏறாது. துரைன்னு வைங்க.”

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் கேட்டார்: “சரி, துணைக்குத்தான்னா சின்னதா ஒண்ணு போதாதா? பெரிய நாய் எதுக்கு மேரி?”

அவள் பெட்டியின் மூடியைச் சரி செய்தாள்.

“சின்ன நாய்னா ஷைலா உங்களையும் நாயையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருவா” என்றாள். ஷைலா அவர்களின் மகள். கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடு. “அவ பிளாட்டுல பெரிய நாய விட மாட்டாங்க. கேட்டு வச்சிருக்கேன்.”

“போனா என்ன? நம்ம புள்ளதான?”

“நம்ம புள்ளதான். நல்லாப் பாத்துக்குவா. அதான் பயமே. உக்கார வச்சே பாத்துக்குவா. நீங்களும் எழுந்திரிக்காம உக்காந்தே இருப்பீங்க. நீங்க நடக்கணுங்க. உங்க வீட்டுல, உங்க மலையில நடக்கணும்.” பிறகு, “இத அவகிட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

கட்டுரையில் எழுத முடியாமல் போன மூன்றாவது இதுதான். பெரிய நாய் வாங்குகிறவர் எந்த இனம் தன் வாழ்க்கைக்குப் பொருந்தும் என்று பார்க்கிறார். மேரி தான் இல்லாத ஒரு வாழ்க்கையை முன்கூட்டியே போய்ப் பார்த்து, அதற்குப் பொருந்துவதைக் கொண்டுவந்தாள். இப்படிச் செய்த இன்னொருவரை எனக்குத் தெரியாது.

குட்டி செருப்பைக் கடிக்கும் பருவம் முடிவதற்குள் மேரி போய்விட்டாள். (அன்றைக்கு நாய் ஊளையிட்டது என்று எழுதியிருந்தேன். பொய். அது தூங்கியது.)

5

துரை வளர்ந்தான். பவுல்ராஜ் நடந்தார். ஊரில் அவர் பெயர் ‘துரை அப்பா’ ஆயிற்று. சந்தையில் பூம்பாறைப் பூண்டு விற்கும் பொன்னுத்தாய், “ஏலே, வழிய விடுங்க, துரை வாராரு” என்பாள். அவருக்கு இல்லை, நாய்க்குத்தான் அந்த மரியாதை. முதுகை நிமிர்த்திக்கொண்டு அதில் பாதியை அவரும் எடுத்துக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வளைவில் காட்டுமாடு நின்றது. பக்கத்து வீட்டு நாய் ஒன்று இப்படித்தான் குரைத்துக்கொண்டு போய் வயிறு கிழிந்து விழுந்தது. துரைக்கு எதுவும் கேட்கவில்லை. காற்றில் வாடை வந்து மூக்கைத் தூக்கினான். தூக்கிய மூக்கோடு வழக்கம்போல பவுல்ராஜின் முகத்தைப் பார்த்தான். அவர் உள்ளங்கையை மெல்லத் தாழ்த்தினார். துரை உட்கார்ந்தான். சாலையில் ஒரு மாடு, ஒரு மனிதர், ஒரு நாய். ஒரு சத்தமும் இல்லை. மாடு தலையை ஆட்டிவிட்டுச் சரிவில் இறங்கிப் போயிற்று.

(மேரி இதையும் முன்பே கணித்திருந்தாள் என்று முதல் வரைவில் எழுதினேன். இல்லை. இது துரையும் நானும் சம்பாதித்தது. எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்தால் அவளுக்கே பிடிக்காது.)

கதை இங்கே முடிந்திருந்தது. நல்ல முடிவு. எழுதி மூடி வைத்துவிட்டேன்.

6

நேற்று ஷைலா வந்தாள். பவுல்ராஜ் என்று எழுத இனி நேரமில்லை; நானே சொல்கிறேன்.

எனக்கு இருமல் விடவில்லை என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போகக் காரோடு வந்திருக்கிறாள். ஜெயமுருகனிடமும் பேசிவிட்டாள், துரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதமாம்.

“நைட்டு மூச்சு முட்டுனா யாருப்பா இருக்கா? இது போய் டாக்டர கூப்பிடுமா? நீங்க கத்துனாக்கூட இதுக்குக் கேக்காது.”

அவள் சொல்வதில் தவறு இல்லை. துரை அவள் காலடியில்தான் படுத்திருந்தான், அவள் பாதத்தின் மேல் தலையை வைத்து. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சற்று முன் காபி போட எழுந்தவள், அடுக்களை வாசலில் நின்று, திட்டுகிற குரலில் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்:

“அப்பா, அம்மா ஏம்ப்பா இவ்ளோ பெரிய நாயா வாங்குனாங்க?”

‘காவலுக்கு’ என்று சொல்லலாம். அவள் நம்புவாள், நாளைக்குக் கார் புறப்படும்போது நான் உள்ளே இருப்பேன். பேருந்தில் மேரி சொன்னதைச் சொல்லலாம். கார் போகும், நான் போக மாட்டேன். ஆனால் தன் தாய் தன் வீட்டுக்கு எதிராக ஒரு நாயை நிறுத்திவிட்டுப் போனாள் என்று என் மகள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு ஓட்டுவாள். இந்தத் தாள்களை அவள் கையில் கொடுக்கலாம். கொடுத்தால் ‘உக்கார வச்சே பாத்துக்குவா’ என்ற வரியையும் படிப்பாள். அதில் இருக்கும் அன்பைப் படிப்பாளா, அதை மட்டும் விட்டுவிடுவாளா, தெரியவில்லை.

முடிவை என்னால் எழுத முடியவில்லை. மேரியை எனக்கு மிக அருகில் தெரியும். அதனால் நான் சொல்வது சரியாக இராது. நீங்கள் அவளை இப்போதுதான் பார்த்தீர்கள். ஒரு தாயை அவள் மகளுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். கொஞ்சம் வெரசாகச் செய்யுங்கள். பால் பொங்கும் வாசம் வருகிறது, துரை தலையைத் தூக்கிவிட்டான்.