பனீ, சிரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அப்போது கடலில் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து தப்பிய ஒருவனை நொச்சிக்குப்பத்துக்காரர்கள் கட்டுமரத்தில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் போர்க்கால ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். அங்கே நர்ஸாக இருந்த அஃப்சருன்னிசாவின் பொறுப்பில் அவன் வந்து சேர்ந்தான்.

குள்ளமான ஆள், அகன்ற மார்பு. நெஞ்சில் சளி கட்டி, உடம்பு அனலாய்க் கொதித்தது. தன்னைத் தொட்டுக் காட்டி "கிஸ்பே" என்றான். பெயர் என்று புரிந்தது. அதற்குமேல் ஒன்றும் புரியவில்லை.

"பனீ," என்பான் அவளைப் பார்த்து. "பனீ, சிரி."

பானி என்றால் அஃப்சருன்னிசாவின் வீட்டு உருதுவில் தண்ணீர். பானையிலிருந்து குளுகுளுவென்று மொண்டு வந்து கொடுப்பாள். சிரிக்கவும் சொல்கிறானே என்று சிரிப்பாள். அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்த கபாலி, "இன்னா நைனா, நர்ஸம்மா சிரிச்சாத்தான் தண்ணி எறங்குமா?" என்பான். வார்டே சிரிக்கும். கிஸ்பே ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். தம்ளரைச் சாய்த்துத் தரையில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான்.

அவள் சலித்துக்கொண்டே தரையைத் துடைப்பாள். பிறகு டாக்டர் சொன்னபடி அவன் உடம்பை ஈரத்துணியால் ஒற்றி, நெற்றியில் ஐஸ் பை வைப்பாள். "சிரி, சிரி" என்று கெஞ்சுவான். அவளும் சிரிப்பாள்.

சாந்தோம் பாதிரியார் ஒருவர் வந்து ஸ்பானிய மொழியில் பேசிப் பார்த்தார். "இவனுக்கு இது நாலு வார்த்தைதான் தெரியும். பெரு நாட்டு மலைக்காரன். இவன் பாஷை கெச்சுவா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் கஸ்தூரிரங்கனின் தங்கை நீரஜா அடையாற்றில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தாள். விடுமுறை நாளில் அஃப்சருன்னிசா அவளைத் தேடிப் போனாள். அங்கேயும் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீரஜா எப்படியோ ஒரு பழைய கெச்சுவா அகராதியைத் தேடியெடுத்தாள்.

"பனின்னா ஆம்பளைக்குக் கூடப்பொறந்தவளாம். பனீன்னு இழுத்தா, என் தங்கையே," என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். "சிரி... குளிர்னு போட்டிருக்கு."

"சரியாப் பாருங்கம்மா."

"குளிர்தான். வேற அர்த்தமே இல்லை."

அஃப்சருன்னிசா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சித்திரை வெயிலில் ஒருவனுக்குக் குளிரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தரையில் தண்ணீர் ஊற்றுவதைச் சொன்னபோது, நீரஜா இன்னொரு சொல்லைக் காட்டினாள். பாச்சமாமா: பூமித்தாய். எதைக் குடித்தாலும் முதல் வாய் அவளுக்கு.

திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் லாரிகள் நின்றன. நோயாளிகளை வேலூருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு.

"சார், அவரு குளிருது குளிருதுன்னு சொல்லிக்கினு இருந்திருக்காரு. நான் பல்லைக் காட்டிக்கினு நின்னிருக்கேன்."

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சிருந்தாலும் ஜுரத்துக்கு ஐஸ்தானேம்மா வெச்சிருப்போம்? கம்பளியெல்லாம் முன் லாரியில போயிடுத்து."

கிஸ்பே லாரியில் கிடந்தான். அவள் புர்காவைக் கழற்றி அவன் கழுத்துவரை போர்த்தி, "சிரி" என்றாள். அவன் விழித்தான். கொண்டுவந்திருந்த வெந்நீர்த் தம்ளரை எடுத்து, மனசுக்குள் பிஸ்மில்லா சொல்லி, கொஞ்சம் மண்ணில் ஊற்றினாள். "பாச்சமாமா."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் வழியப் பேச ஆரம்பித்தான். கப்பலில் ஏறிய நாளிலிருந்து அடைத்துவைத்ததெல்லாம் வந்தது போலிருந்தது. மூச்சு வாங்கியது, மறுபடி பேசினான். நடுநடுவே "வாவா" என்றான். அவளுக்கு இருந்தவை மூன்றே சொற்கள். தலையை ஆட்டவும் பயம், ஆட்டாமலிருக்கவும் பயம். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். மெல்ல அவன் பிடி தளர்ந்தது. லாரி புறப்பட்டது.

வேலூர் போய்ச் சேருமுன் இறந்துவிட்டான் என்று பின்னால் தகவல் வந்தது.

பட்டணம் தெளிந்து அகராதி போன நூலகப் பெட்டிகள் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருஷமாயிற்று. வாவா என்றால் குழந்தை என்றாள் நீரஜா. அஃப்சருன்னிசா சாந்தோமுக்கு ஓடினாள்.

"பாதர், அவருக்கு ஒரு கொழந்தை இருக்குது. எப்படியாவது சேதி சொல்லணும்."

பாதிரியார் அவளை உட்காரச் சொன்னார். "அந்த மலையில் ஊருக்கு ஊர் நூறு கிஸ்பே உண்டு, மகளே," என்றார்.