எழுந்து நிற்கும் உயரம்

அலுவலகத்தில் அவருக்கு ‘அங்குலம்’ என்று பெயர். கட்டட வரைபடங்கள் வரையும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் அழைப்பார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் அளவுநாடா இருக்கும். செருப்பு அலமாரி வாங்குவதானாலும் மும்முறை அளந்த பின்னரே கடைக்குப் புறப்படுவார்.

குளியலறையில் வழுக்கி விழுந்த அவர் மனைவிக்கு இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. நடப்பதற்குக் கைத்தடி போதும். சோபாவிலிருந்து எழுவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அங்குலம் எதிரே நின்று, மனைவியின் கைகளைப் பற்றி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லித் தூக்கிவிடுவார். அதில் அவருக்குச் சிறு பெருமையும் இருந்தது.

மறுபரிசோதனைக்குச் சென்ற அன்று செவிலியர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “என்னம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா? இப்படியே போனா கிட்னி கெட்டுடும்” என்று கண்டித்தார்.

மனைவி கைத்தடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “குடிச்சா எழுந்து போகணுமே. ஒவ்வொரு தடவையும் இவரைக் கூப்பிடணும். இவருக்கும் வயசாகுதில்ல?” என்றார்.

அங்குலத்துக்கு முகத்தில் அறைந்தாற்போலிருந்தது.

மருந்துக்காகக் காத்திருந்தபோது அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மனைவி இருக்கையின் கைப்பிடிகளை ஊன்றித் தாமே எழுந்து நின்றார். எழுந்ததை அவர் உணரவேயில்லை; அங்குலம்தான் கவனித்தார். உடனே குனிந்து அந்த இருக்கையை அளந்தார்.

“சீட்டைக் கழட்டிட்டுப் போகப் போறீங்களா சார்?” என்றார் காவலாளி.

“இல்லப்பா, உயரத்தை மட்டும்தான்.”

பத்தொன்பது அங்குலம். வீட்டு சோபா பதினைந்தே இருந்தது. வாங்கும்போது வாசலின் அகலத்தையும் சுவரின் நீளத்தையும் அளந்தவர், அதில் உட்காரப்போகிறவரின் முழங்காலை அளக்கவில்லை.

மகனிடம் சொன்னார். “அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புது செட்டே வாங்கிடலாம்ப்பா. கடைக்காரங்களே வண்டி அனுப்பிப் பழசை எடுத்துக்குவாங்க” என்றான் அவன். மறுநாள் இருவரும் கடைக்குச் சென்றனர். அங்குலம் பதினொரு சோபாக்களை அளந்தார். ஒன்றுகூடப் பதினேழைத் தொடவில்லை.

“இப்ப தாழ்வாத்தான் சார் போகுது” என்றார் விற்பனையாளர். “நாலு வருஷத்துல மாத்திடறாங்க. இதையெல்லாம் யார் பார்க்கிறா?”

“மாத்தின பழசெல்லாம்?”

விற்பனையாளர் பின்கதவைத் திறந்து காட்டினார். சோபாக்கள் மழையில் ஊறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

“மரம் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கும். உட்கார்ந்து பிரிக்க யாருக்கு நேரம்? எரிச்சிடுவாங்க.”

அங்குலம் குனிந்து அவற்றின் கால்களை அளந்தார். பிறகு அனுமதி கேட்டு, உயரமான பழைய சோபா ஒன்றிலிருந்து நான்கு கால்களைக் கழற்றிக்கொண்டார். மகன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அடுத்த தெருத் தச்சர் வந்து வீட்டு சோபாவைக் கவிழ்த்துத் தட்டிப்பார்த்தார். “சட்டம் கல்லு மாதிரி இருக்கு. இதையா சார் தூக்கிப் போடப் பார்த்தீங்க?” என்று கேட்டவர், குட்டைக் கால்களை எடுத்துவிட்டு, கடையிலிருந்து வந்த கால்களை, இருக்கை பத்தொன்பது அங்குலம் வரும்படி அறுத்து, ஆடாமல் முடுக்கினார்.

“என்னங்க, சோபாவுக்கு ஹீல்ஸ் செருப்பா?” என்று மனைவி சிரித்தார். உட்கார்ந்தார். கைப்பிடிகளை ஊன்றினார். முதல் முறை உடல் பின்னுக்குச் சாய்ந்தது. அங்குலம் கைகளை நீட்டியபடி, “ஒண்ணு...” என்று தொடங்கினார்.

“எண்ணாதீங்க. தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நின்றார். மனைவி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, யாரையும் அழைக்காமல், சமையலறைக்கு நடந்தார்.

மாலையில் மகன் தொலைபேசியில் அழைத்து, புது சோபா எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்டான்.

“புதுசு வேண்டாம்ப்பா. பழசை எடுக்க வண்டி அனுப்ப வேண்டாம்னு கடையில சொல்லிடு” என்றார் அங்குலம்.