எழுப்பும் பாட்டு

சித்தேரி மலைமுகட்டில் மாலை வெயில் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் வழிந்து, பாப்பிரெட்டிப்பட்டிக் கழனிகளின் மஞ்சள் இலைகளில் சற்றே தங்கி, மெல்லத் தரைக்கு இறங்கிய பொழுது, அறிவார்ந்தீர், களத்துமேட்டில் கூத்தர் எழுவர் தம் கதையின் அரசியைச் சாகடித்துவிட்டுக் கைபிசைந்து நின்றனர். மலைவழியில் பாம்பு தீண்டி மாண்ட அவளை இறைவன் தோன்றி எழுப்பினாலன்றிக் கதை முடியாது. எழுப்பும் பாட்டோ இன்னும் எழுதப்படவில்லை. பிணமாகக் கிடப்பவர் அப்பாட்டைக் கேளாமல் எழலாகாது, ஒத்திகையிலும் எழலாகாது என்பது அக்குழுவில் வழிவழி வந்த முறை.

பாட்டெழுதுவோன் நவநீதன், கல்லூரியில் தமிழ் பயின்ற இளையோன். பேறுகால நோவெடுத்த மனைவி மலர்விழியைச் சென்ற ஆடியில் சித்தேரி மலைவழியே மருத்துவமனைக்கு இறக்கிக் கொணர்கையில், ஏழாம் வளைவில் அவளும் வயிற்று மகவும் உயிரடங்கினர். அன்றுமுதல் மழையையும் வெயிலையும் ஒன்றாய் ஏற்கும் பாறைபோல் ஆனான். உண்டான்; உறங்கினான்; அழவில்லை.

"எத்தன நேரம்டா நான் செத்துக் கெடக்கறது? கட்டெறும்பு காதுல குடித்தனம் பண்ணுது," என்றான் அரசியாகக் கிடந்த மாதையன், கண் திறவாமல்.

"பொணம் பேசக்கூடாதுங்க," என்றான் இறைவனாக ஆடும் கதிரவன். சிரிப்பு எழுந்தது.

குழுத்தலைவர் கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை. "தம்பி, நாளைக்குக் கூத்து. பொணத்த அப்படியே வுட்டுட்டு வெளக்க அணைச்சா ஊரு ஒத்துக்குமா? நாலு அடி எழுதிக் குடுப்பா."

"சாமி வந்து எழுப்புனாருன்னு எழுதக் கை வரலீங்க, வாத்தியாரே."

"நம்பி எழுத வேணாம். மாதையன் வூட்டுக்குப் போவணும். அதுக்கு எழுது."

நவநீதன் திரும்பி நோக்கினான். போர்த்திய துண்டின்கீழ் மாதையனின் மார்பு ஏறி இறங்கியது. மூச்சுள்ள ஒருவன் பாட்டுக்காகக் காத்துக் கிடந்தான். தாளை முழங்காலில் வைத்து நான்கடி எழுதி நீட்டினான். கதிரவன் பாடினான்:

வளைவுதொறும் கூவினேன், வந்தாய் இல்லை;
வருமுன்னே உயிர்போக விட்டாய், ஐயா;
முடிந்தபின் வந்துநின்றாய், ஏனோ? என்றேன்;
மறுமொழி சொல்லாமல், எழுக! என்றான்.

இறுதிச் சொல் கேட்டு மாதையன் எழுந்தான். காதைத் தட்டி எறும்பை உதிர்த்தான். "வந்ததே வந்தாரு சாமி, கொஞ்சம் வெரசா..." என்று தொடங்கியவன், நவநீதனின் முகங்கண்டு, துண்டை உதறித் தோளிலிட்டு வீடு நோக்கி நடந்தான்.

மலைப்பேருந்து வளைவு வளைவாக இறங்கி, ஏழாவதிலும் நில்லாமல் வந்தது. கூத்தில் மாண்டாரை எழுப்ப ஒரு பாட்டு உண்டு. அதை எழுதித் தந்தவன், புழுதியில் பதிந்து கிடந்த முதுகின் தடத்தை மிதியாமல், அதைச் சுற்றிக்கொண்டு, யாரும் காத்திராத தன் வீட்டுக்குப் போனான்.