இருநூறு மில்லி கோடு

எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே ரத்த வங்கியில் வேலை பார்க்கிறோம். கரைசல் அறையில் நான், பதிவு அறையில் தம்பி, பரிசோதனை மேசையில் தம்பி மகள். என் கையெழுத்துள்ள புட்டியை அங்கே யாரும் மறுபடி சோதிப்பதில்லை. அந்த வழக்கத்தை நான் கேட்டு வாங்கவில்லை, விட்டுக்கொடுத்ததும் இல்லை.

ஒருவருக்கு இன்னொருவர் ரத்தம் பொருந்துமா என்று பார்க்குமுன் ரத்த அணுக்களை பஃபர் என்னும் உப்புக் கரைசலில் கழுவ வேண்டும். உப்புகளை அடர்த்தியாகக் கரைத்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைப்பேன். முப்பது வருடமாக எங்கள் அடர்கரைசல் ஐந்து மடங்கு. இருநூறு மில்லி எடுத்து ஒரு லிட்டராக்குவேன். அலமாரியில் இடமில்லை என்று ரத்த வங்கி டாக்டர் பத்து மடங்காக மாற்றச் சொன்னார். இனி நூறு மில்லி போதும். புதுப் புட்டியைத் திங்கட்கிழமை திறந்தேன். 'பத்து மடங்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியதும் நான்தான்.

புதன்கிழமை காலை தம்பி மகள் வந்து, மைக்ராஸ்கோப்பில் அணுக்களெல்லாம் சுருங்கி முள் முளைத்த மாதிரி தெரிகின்றன என்றாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார் என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அதோடு விடாமல், புளிப்பு-காரம் அளக்கும் பி.எச். கருவியைக் கரைசலில் வைத்தும் காட்டினேன். ஏழு புள்ளி மூன்று. குறை சொல்ல இடமில்லை. அவள் முகம் சிறுத்துத் திரும்பிப் போனாள்.

மதியம் அளவுக் குடுவையைக் கழுவ எடுத்தேன். காலையில் அவசரத்தில் கழுவாமல் விட்டிருந்தேன். உட்புறம் உப்புக் காய்ந்து, இருநூறு கோடு வரை வெளுத்திருந்தது. அதற்கு மேலே கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

கை பழகிய கோட்டுக்கே போயிருக்கிறது. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பஃபரின் பி.எச். பெரிதாக அசையாது, கருவி என்னை ஏய்த்துவிட்டது. உப்பு இரட்டிப்பானால் அணுக்கள் சுருங்கும், பொருந்தாத ரத்தமும் பொருந்துவதாகக் காட்டும். காலையில் நான்கு பைகளுக்குப் பொருத்தம் பார்த்திருந்தார்கள். மூன்று குளிர்பெட்டியில் இருந்தன. ஒன்று, ஆபரேஷனுக்குப் படுத்திருந்த ஒரு பெண்ணுக்காகப் போய்விட்டது.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றினால் யாருக்குத் தெரியும்? குழாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

வாசலில் தம்பி மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, குடுவையைப் பார்த்தாள்.

"பெரியப்பா, நான் கலக்கினதா எழுதிக்கிறேன். திட்டு வாங்குறது எனக்குப் பழக்கம்தான். முதல்ல அந்தப் பையை நிறுத்துங்க."

எங்கள் வீட்டுப் பெண் என் தப்பைச் சுமந்துகொண்டு டாக்டர் முன்னால் நிற்பதா? குழாயை மூடிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தேன். யார் பேசுவது என்று நர்ஸ் கேட்டாள். பதவியையும் பேரையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

"ஏத்திட்டீங்களாம்மா?"

பார்த்து வருகிறேன் என்று போனைத் துண்டிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். மறுமுனையில் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. என் காதில் வியர்த்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியமில்லை.

திரும்பி வந்தாள். "மாட்டியாச்சு சார். இன்னும் திறக்கலை."

கழற்றி அனுப்பச் சொன்னேன். பை திரும்பி வந்தது. தம்பி மகள் நூறு மில்லியை என் கண்முன் அளந்து, புதுக் கரைசல் செய்து, மறுபடி பொருத்தம் பார்த்தாள். சோதனைக் குழாயைச் சாய்த்துக் காட்டினாள். அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தன, பொருந்தாத ரத்தம். ஏற்றியிருந்தால் உயிர் போயிருக்கும்.

டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் கத்துவார் என்று முதுகை நிமிர்த்தி நின்றிருந்தேன். கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"திங்கள், செவ்வாய் எவ்வளவு எடுத்தீங்க?"

எத்தனை மில்லி என்று நான் எழுதி வைப்பதே இல்லை. கண்ணை மூடிக் கையை நினைத்துப் பார்த்தேன். கை எந்தக் கோட்டிலும் நிற்கவில்லை.

தம்பி பதிவேட்டை விரித்து, அந்த இரண்டு நாளில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் பெயர்களைப் படிக்கத் தொடங்கினான். பதினேழு பேர். ஒவ்வொரு பெயராக வார்டுக்குப் போன் செய்தேன்.