பால்டுரின் வண்டிக்குக் குளிரும்

ஒவ்வொரு அக்டோபரிலும், முதல் பனி விழுவதற்குச் சற்று முன்னால், பால்டுர் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருப்பான், முகத்தைப் பாவமாக வைத்திருப்பான், பின்னால் மோட்டார் சைக்கிள் நிற்கும். "இந்த ஒரு வருஷம் மட்டும், அக்கா" என்பான். மற்ற நாளெல்லாம் அவனுக்கு அவள் வெறும் தோராதான். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பதினோரு வருடமாகியும் அந்த ஒரு வருடம் முடிந்தபாடில்லை.

கனடாவில் ஏரிக்கரை ஊரான கிம்லியில் கராஜ் இல்லாமல் குளிர்காலத்தைத் தள்ளுவது லேசில்லை. ஏரியிலிருந்து காற்று அடித்தால் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் தோராவின் கார் வெளியே நின்றது, தம்பியின் வண்டி உள்ளே காஸ் ஹீட்டர் போட்ட கராஜில் ராஜபோகமாகத் தூங்கியது. பால்டுர் மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தான். அவனிடம் கார் கிடையாது. கோடையில் மோட்டார் சைக்கிள், குளிர்காலத்தில் அக்காவின் கார், இதுதான் ஐம்பத்து நாலு வயசுக்காரனின் ஏற்பாடு.

வண்டியைப் படுக்கவைப்பதற்கு அவன் செய்யும் சடங்குகள் கல்யாண வீட்டில்கூட இருக்காது. டாங்க் வழிய பெட்ரோல், அதில் கெட்டுப்போகாமல் இருக்க ஏதோ மருந்து, புது எஞ்சின் ஆயில். புகைக்குழாயில் எலி கூடு கட்டாமல் இருக்கத் துணி அடைப்பான். அந்தத் துணி தோராவின் கம்பளிக் காலுறையாகத்தான் இருக்கும், அதுவும் ஜோடியில் ஒன்று. மேலே போர்த்துவதற்கு அவளுடைய படுக்கை விரிப்பு. இவ்வளவும் முடிந்ததும் விரலை ஆட்டிச் சொல்வான்: "ஏப்ரல் வரைக்கும் இதை அசைக்கக் கூடாது. யாரும் தொடக் கூடாது." அவளுடைய கராஜில் நின்றுகொண்டு அவளிடமே சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்கு வருவான். அவள் செய்த பிளம் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டு, கராஜுக்குப் போய் வண்டியின் மேல் ஏறிச் சும்மா உட்கார்ந்திருப்பான்.

"ஸ்டார்ட் பண்ணித்தான் பாரேன், அதையாவது கேட்டுத் தொலைக்கிறேன்" என்பாள் தோரா.

"குளிர்ல ஸ்டார்ட் பண்றவன் முட்டாள். எஞ்சினுக்குள்ள தண்ணி கோத்துக்கும்" என்பான். காரியம் தெரிந்தவன் போல அவன் பேசும்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் குளிர்காலம் மட்டும் தோராவுக்கு மற்றதைப் போல இல்லை. அவளுடைய வலது முழங்கால் போய்விட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள், கட்டிலை விட்டு நாற்காலியில் தூங்கினாள். மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒருமுறை தேதி வந்து தள்ளிப்போனது. இப்போது ஜனவரியில் மறுபடி தேதி வந்தது. காலை எட்டுக்கு வின்னிபெக் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ஒன்றரை மணி நேரப் பயணம். தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள், இன்னொரு குளிர்காலமும் நாற்காலியில்தான்.

கார் ஓட்டுவதற்காக பால்டுர் முந்தின நாள் மாலையே வந்துவிட்டான். அந்தக் குளிரில் கார் எஞ்சினுக்கு ராத்திரி முழுக்க கரண்ட் கொடுத்துச் சூடாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் வெல்லப்பாகாக இறுகிவிடும், காலையில் கார் அசையாது. அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கராஜில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மாட்டிய ஒயர்தான் கதவுக்கடியில் போய்க் காரைச் சேரும். இரண்டு வாய் உள்ள பிளக் ஒன்று வாங்கிப் போடு என்று நவம்பரிலிருந்து சொல்லிவருகிறாள். "நாளைக்கு வாங்கறேன்" என்பதே பதில். அன்று தூங்கப் போகுமுன் தோரா தானே நொண்டிக்கொண்டு போய் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

காலையில் சாவியைத் திருப்பினார்கள். கார் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

தோரா இறங்கி ஒயரைப் பிடித்துக்கொண்டே கராஜுக்குள் போனாள். ஒயரின் முனை தரையில் கிடந்தது. பிளக் பாயிண்டில் வேறொரு சின்ன ஒயர் இருந்தது. அதன் மறுமுனையில் பால்டுரின் பேட்டரி சார்ஜர், பச்சை விளக்கோடு.

"பால்டுர்."

"ஒரு மணி நேரத்துக்குத்தான் மாட்டினேன். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. ஹாக்கி பாத்துட்டே இருந்தேனா, அப்படியே கண் அசந்துட்டேன்."

"உன் வண்டி எப்ப வெளிய போகும்?"

"ஏப்ரல்ல."

"நான் எப்ப வெளிய போகணும்?"

அவன் குனிந்து சார்ஜரைப் பிடுங்கினான். தோராவுக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுத் தம்பதி மற்ற குளிர்காலங்களைப் போலவே அரிசோனாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஓலி லாரியோடு ஏரிப் பனிக்கட்டி மேல் மீன் பிடிக்கப் போயிருந்தான், போன் எடுக்கவில்லை. ஊரின் ஒரே டாக்ஸிக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், எட்டரை வரை பார்ப்போம், அப்புறம் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்றாள் ஒருத்தி.

"காரை கராஜுக்குள்ள தள்ளு" என்றாள் தோரா. "சூட்டுல வெச்சு, பிளக்கும் போட்டா அரை மணியில கிளம்பிடும்."

"உள்ள இடம் இல்லையே."

தோரா விரிப்புக்கடியில் நின்ற வண்டியை விரலால் காட்டினாள்.

"பின் சக்கரத்தைக் கழட்டி டயர் மாத்தக் கொடுத்திருக்கேன். அசைக்கவே முடியாது, தோரா. சூட்டுல இருந்ததைத் திடீர்னு இந்தக் குளிர்ல போட்டா..." சொல்லிக்கொண்டே அவள் முழங்காலைப் பார்த்தான்.

மீன்பிடிச் சாமான் இழுக்கும் சறுக்குப் பலகையை எடுத்துவந்தான். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி அதன் மேல் ஏற்றினான். யாராவது விரல் வைத்தாலே ஓடிவந்து துடைக்கிறவன், அதை மூச்சிரைக்க இழுத்துக்கொண்டுபோய்த் தெருவோர வேலியில் சாய்த்தான். வாசல் தெருவிலிருந்து கராஜை நோக்கிச் சரிவாக இருக்கும். வசந்தத்தில் உருகும் பனியெல்லாம் உள்ளே வருவதற்குக் காரணமான அந்தச் சரிவு முதல்முறையாக உதவியது. தோரா ஸ்டீரிங்கைப் பிடிக்க அவன் தள்ளினான். கார் உள்ளே போனதும் பிளக் போட்டார்கள். சூடு போகாமல் இருக்கப் படுக்கை விரிப்பைக் காரின் முன்பக்கத்தில் போர்த்தச் சொன்னாள். மோட்டார் சைக்கிள் பேட்டரியையும் கழற்றிவந்து காரின் பேட்டரியோடு இணைத்து முட்டுக்கொடுத்தான். கடைசியில் கார் இருமிக்கொண்டே கிளம்பியது.

வழியெல்லாம் தோரா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டே ஓட்டுவதைப் பார்த்து ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "கோட் எங்கடா?"

"பின் சீட்ல."

எட்டரைக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். தள்ளுநாற்காலியில் அவளை உள்ளே கொண்டுபோகும்போது, "திரும்பி வந்ததும் உன் வண்டியை ஏரியில தள்ளப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அவர்கள் நகரத்தில் இருந்தபோது பனிப்புயல் வந்தது. தெருவைச் சுத்தம் செய்த லாரி, பனியை மொத்தமாக வேலிப் பக்கம் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. ஆளுயர மேட்டிலிருந்து வண்டியின் ஒரு பக்கத்துக் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது. பால்டுர் அதை ஒரு பார்வை பார்த்தான். மேட்டைச் சுற்றிக் காரை ஓட்டி கராஜில் விட்டான்.

அவள் வீட்டிலேயே தங்கிவிட்டான். மீனைத் தீய்த்தான், அவள் காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்குப் பக்கத்தில் நின்று எண்ணினான், எண்ணிக்கையில் கோட்டைவிட்டான். தினமும் வெளியே போகும்போதும் வரும்போதும் அந்த மேட்டைக் கடந்தான், ஒருநாள்கூட மண்வெட்டியைத் தொடவில்லை. மீனோடு வந்த ஓலி, "என்ன பால்டுர், விதை போட்டிருக்கியா? ஸ்கூட்டராவது முளைச்சுதா?" என்றான். பால்டுர் சிரித்துச் சமாளித்தான்.

"போய்த் தோண்டித்தான் எடேன்" என்றாள் தோரா.

"ஏப்ரல் வரைக்கும் அசைக்கக் கூடாது."

அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவன்மேல் கோபப்படுவது நியாயம், ஆனால் தனக்காக உயிரான வண்டியைப் பனியில் போட்டவனை எப்படித் திட்டுவது? திட்ட முடியாமல் நன்றியோடு இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. அந்தக் கடுப்பை வேறு இடத்தில் காட்டினாள். பால்டுரின் ஆரஞ்சுக் கோட் ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது என்று அவன் சொல்லியிருந்தான். பாவம், அவளுடைய ஊதாக் கோட்டை, கை முழங்கை வரைதான் எட்டும், அதை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். தோரா ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போன் போட்டு, ஒரு கோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று கத்தினாள்.

மூட்டு நன்றாக ஆறியிருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் வாக்கரை விட்டுவிடச் சொல்லிப் பத்து நாளாகிறது. தோராவால் விட முடியவில்லை. கையை எடுத்தால் கால் மடங்கிவிடும் என்ற பயம் போகவில்லை. அடுப்படிக்கும் வாக்கர், ஜன்னலுக்கும் வாக்கர். பழைய மூட்டோடு படி இறங்கியவள் புது மூட்டோடு வாசலைத் தாண்டவில்லை.

பிப்ரவரியில் கொஞ்சம் வெயில் அடித்த ஒரு மத்தியானம் ஜன்னலருகே நின்றிருந்தாள். பால்டுர் கடைக்குப் போயிருந்தான். பனிமேட்டின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதிலிருந்து ஒரு ஆரஞ்சுக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் பயந்துபோனாள். அப்புறம் புரிந்தது.

பால்டுர் பையோடு தெருமுனை திரும்பியபோது அக்கா பனிமேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். வண்டியின் எஞ்சினையும் டாங்கையும் சுற்றிக் கட்டியிருந்த கோட்டைப் பிய்த்து எடுத்துவிட்டாள். பலகையாக உறைந்திருந்த அதைக் கையில் பிடித்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில தொலைஞ்ச கோட்டா இது?"

அவன் பையைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு நான் கார்ல நிமிஷத்தை எண்ணிட்டு உக்காந்திருக்கேன், நீ இதுக்குப் போர்த்திவிட்டுட்டிருந்தியா?"

"விரிப்பைத்தான் நீ காருக்குப் போட்டுட்டியே. அதுக்குக் குளிருமேன்னு..."

"எனக்கு?"

"உனக்கு கார்ல ஹீட்டர் இருந்துச்சே, அக்கா."

ஒரு மாதமாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்த்துத் திட்டினாள். ஹாக்கி, காலுறை, பிளம் கேக், ஆஸ்பத்திரிக்காரியிடம் தான் வீணாகக் கத்தியது, எதையும் விடவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது. அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து அவள் காலைப் பார்த்தான்.

"தோரா, வாக்கர் எங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. வாக்கர் உள்ளே ஜன்னலருகே நின்றது. படிகளில், வழுக்கும் நடைபாதையில், அங்கிருந்து இங்கு வரை அவளுடைய காலடிகள் மட்டும் இருந்தன. கைப்பிடியைத் தொட்ட ஞாபகம்கூட அவளுக்கு இல்லை.

பால்டுர் மூக்கை ஊதாக் கோட்டின் கையில் துடைத்தான்.

"என் கோட்டுல துடைக்காத. காரை வெளிய எடுத்துட்டு உன் வண்டியை உள்ள வை."

"அப்ப கார்?"

"வெளிய நிக்கட்டும். அந்த ரெண்டு வாய் பிளக் வாங்கிட்டியா?"

பால்டுர் கீழே இருந்த பையைப் பார்த்தான். அதில் ரொட்டியும் பாலும் இருந்தன.

"நாளைக்கு வாங்கறேன், அக்கா."

தோரா ஊதாக் கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டாள். உறைந்த ஆரஞ்சுக் கோட்டை அவன் கையில் திணித்தாள். பிறகு தெருவில் இறங்கி, சாமான் கடை இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற?"

"பிளக் வாங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

பால்டுர் வீட்டுக்குள் ஓடி வாக்கரைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். கடை வரைக்கும் அதை அவன்தான் சுமந்தான்.