இட்வால் பிரைஸின் இடது கால்

இட்வால் பிரைஸ் கால்பந்தை விட்ட பிறகும் அவருடைய இடது கால் விடவில்லை. செப்டம்பரிலிருந்து மே வரை, சனிக்கிழமை மூன்று மணிக்கு அது ஆடத் தொடங்கும். இடைவேளைக்குக் கொஞ்சம் ஓயும். மறுபடி ஆடி, ஐந்து மணி வாக்கில் அடங்கும். கோடையில் மற்றவர்களின் கால் மாதிரிச் சும்மா கிடக்கும். வேல்ஸின் கும்ஹெலிக் பள்ளத்தாக்கில் இதற்காக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. நெஞ்சு நிறையக் கரித்தூசியோடு சுரங்கத்திலிருந்து ஆண்கள் திரும்பும் ஊர் அது. காலில் ஆட்டத்தோடு திரும்பியவன் கொடுத்துவைத்தவன் என்றே பேசிக்கொண்டார்கள்.

அவரும் சிறு வயதில் சுரங்கத்தில் இறங்கியவர்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆங்கிலேயக் கிளப் ஒன்று அவரை மேலே இழுத்துக்கொண்டது. மைதானத்தின் இடது ஓரத்தில் அவர் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. வேல்ஸ் தேசிய அணியின் சிவப்புச் சட்டையை இரண்டு முறை போட்டார். ஊரில் கேட்டால் இருபது என்பார்கள். பிறகு ஒரு சேற்று மைதானத்தில் எதிரணிக்காரன் ஒருவன் அவர் முழங்காலின் மேல் விழுந்தான். கிளப் கைகுலுக்கி அனுப்பிவைத்தது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை அவர் மனைவி கைன்வென் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். "ஓடத்தானே முடியாது? வாய் நல்லாத்தானே இருக்கு. எதையாவது வித்துப் பொழைப்போம், எழுந்திரு" என்றாள். கம்பளக் கடை அப்படித்தான் வந்தது. ஆயுள் முழுக்கக் கரித்தரையைத் தேய்த்த பெண்கள் கம்பளத்துக்கு ஏங்கிக் கிடந்தார்கள். ஒரு கடை மூன்றானது. இட்வாலுக்குத் தொப்பையும் காரும் வந்தன.

தொல்லை சனிக்கிழமைதான். வியாபாரம் சூடுபிடிக்கும் நாளும் அதுவே. கடை திறந்த முதல் சனிக்கிழமை போதகர் மனைவியின் முட்டைக்கூடையைக் கால் ஒரே உதையில் வாசலுக்கு வெளியே அனுப்பியது. கைன்வென் அவரைச் சரக்கறைக்குள் இழுத்துப்போய், சுருட்டி வைத்த கம்பளத்தில் உட்காரவைத்து, அந்தக் காலின் மேல் தானே ஏறி உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். கால் துடித்தது, ஆனால் உதைக்கவில்லை. பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அப்படியே கழிந்தன. கடையாட்கள் கதவைத் தட்டுவதைக்கூட விட்டுவிட்டார்கள். இட்வால் ஒருநாளும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார். முட்டாள் மனுஷர்.

பல வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரியில் கைன்வென் காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை. மண் உறைந்து கிடந்ததால் குழி தோண்டவே பல நாள் ஆனது. அடக்கம் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. அந்த ஊரில் பெண்கள் அடக்கத்துக்குப் போகாமல், வீட்டிலிருந்தபடி சாவுச் சாப்பாட்டுக்குப் பன்றித்தொடை இறைச்சி நறுக்குவார்கள். ஆண்கள் பெட்டியைத் தோளில் சுமந்து மேட்டுமேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுவார்கள். பள்ளிக்கூட அணியில் அவரோடு ஆடிய கோல்கீப்பர் ஹைடன் முந்தின நாள் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீ கார்ல வாடா. நாங்க தூக்கிக்கறோம்."

"இத்தனை வருஷம் என் காலை அவ தாங்கினா. ஒரு மேடு நான் அவளைத் தாங்கக் கூடாதா?"

"நடுவழியில அது உதைச்சா? அவளைக் கீழ போட்டுடுவியேடா!"

"மூணு மணிக்குள்ள மேல போயிடலாம்" என்றார் இட்வால்.

போயிருக்கலாம். ஆனால் கும்ஹெலிக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் கடைசி அடியை விடமாட்டார்கள். கைன்வென் சபையின் பாடகர் குழுவில் நின்றவள். அவள் குரல் இருந்த இடம் ஓட்டையாகக் கேட்க, அதை அடைக்கிற மாதிரி, பெட்டியை எடுக்காமல் திரும்பத் திரும்பப் பாடினார்கள். போதகர் போதுமென்று கையை உயர்த்தினார், யாரும் பார்க்கவில்லை. பெட்டி பாதி மேடு ஏறும்போது கீழே மணி மூன்று அடித்தது.

"ஹைடன், வந்துருச்சுடா" என்றார் இட்வால்.

"நில்லு, நாங்க பிடிச்சுக்கறோம்."

"நிக்காதுடா!"

"அப்ப ஓடுங்கடா எல்லாரும்!"

ஓடினார்கள். ஆறு கிழட்டு ஆண்கள், தோளில் பெட்டியோடு, இட்வாலின் இடது காலோடு அடி சேர்த்து, சாலையின் இடது ஓரமாகவே ஓடினார்கள். முழங்கால் போனதிலிருந்து நொண்டியே நடந்த இட்வால் அன்று நொண்டவில்லை. பின்னால் போதகர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பெட்டி ஒரு விரற்கடைகூடச் சரியவில்லை.

குழிக்குள் இறக்கியபோது ஜெபம் சொல்லப் போதகருக்கு மூச்சில்லை. காலோ நிற்கவில்லை. இட்வால் குழிக்குள் விழுந்துவிடாதபடி ஹைடன் ஒரு தோளையும் இன்னொருவர் மறு தோளையும் பிடித்துக்கொண்டார்கள். அவர் அழுதுகொண்டே ஆடினார். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் குளிரில் முழு ஆட்டமும் நின்றார்கள். வெளிச்சம் போகும் நேரத்தில் கால் அடங்கியது. இட்வால் குழியைக் குனிந்து பார்த்து, சரக்கறைப் பழக்கத்தில், "முடிஞ்சுதும்மா, எழுந்திரு" என்றார். மற்றவர்கள் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள்.

கீழே துக்க வீட்டில் ஹைடனின் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "இவ்வளவு நேரமா? தேநீர் ஆறிப்போச்சு."

"ஆட்டம் முடிய நேரமாயிடுச்சு" என்றார் ஹைடன்.

அவள் சரியென்று கெட்டிலை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.